பாடல் வெளியீடும் ஊர்ப் பயணமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கடலூரில் ஓர் இசைக்குழு நடத்தி வருகிறோம். திரைப்பாடல்களைப் பாடுவதில்லை, பாட்டும் மெட்டும் எங்களுடையவை. கிட்டார், பேஸ், டிரம்ஸ் ஆகியவற்றோடு பறையும் உண்டு. வருகிற தை மாதத்தில் நான்கு பாடல்களை வெளியிட்டு, அதையொட்டிப் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், விழுப்புரம் ஆகிய ஊர்களில் பாட எண்ணியிருக்கிறோம். இன்ஸ்டாகிராமில் தினமும் எதையாவது போட்டால்தான் மக்கள் நினைவில் இருப்போம் என்கிறார்கள் நண்பர்கள். போட்டுப் பார்த்தோம், விருப்பக்குறிகள் வருகின்றன, ஆட்கள் வருவதில்லை. சென்ற முறை புதுச்சேரியில் பாடியபோது அரங்கில் பாதிப்பேர் எங்கள் உறவினர்கள். நம்மை நாமே விளம்பரப்படுத்திக்கொள்வது எங்களில் இருவருக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. நல்ல பாடல் தனக்கான ஆட்களைத் தானே தேடிக்கொள்ளாதா? எங்கள் பழைய அறிவிப்புகள் சிலவற்றை இணைத்திருக்கிறேன்.

சு., திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள சு.,

தேடிக்கொள்ளாது. காதில் விழுந்த பிறகு பாடல் தன் வேலையைச் செய்யும். ஆனால் சனிக்கிழமை மாலை எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில், எந்த அரங்கில் என்பதைப் பாடல் சொல்லாது. உங்களை நீங்களே உயர்த்திப் பேசுவதில் கூச்சம் இருந்தால் அது நல்ல குணம், அப்படியே இருக்கட்டும். எங்கே, எப்போது பாடுகிறோம் என்று தெரிவிப்பதிலும் கூச்சப்பட்டீர்களானால், வர விரும்பியவருக்கு நீங்களே வழியை அடைத்தவர்கள் ஆவீர்கள்.

இந்த ஊர்களுக்கு இது புதிய வேலையும் அல்ல. புதுச்சேரியில் 1922ஆம் ஆண்டு மறைந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்தில் ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுக்கள் எல்லாம் துண்டறிக்கை அச்சடித்துத்தான் ஆட்களைச் சேர்த்தன. இன்றைக்கு என்ன நாடகம், யார் ராஜபார்ட் (கதாநாயக வேடம்), யார் ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), எத்தனை மணிக்குத் தொடக்கம், தரைக்கு என்ன கட்டணம், நாற்காலிக்கு என்ன கட்டணம் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். அடைமொழிகளுக்கும் பஞ்சமிராது, ஆனால் அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஒருவர் வீட்டிலிருந்து கிளம்பி வருவதற்கு வேண்டிய எல்லாம் மிஞ்சும்.

நீங்கள் அனுப்பியவற்றில் அப்படி மிஞ்சுவது மிகக் குறைவு. ஒன்றில் ‘விரைவில் ஒரு பெரிய செய்தி’ என்று மட்டும் இருக்கிறது. இன்னொன்றில் கறுப்புப் பின்னணியில் உங்கள் ஐவரின் முகங்களும் ஒரு தேதியும் இருக்கின்றன. மணி இல்லை, அரங்கின் பெயர் இல்லை, நுழைவு இலவசமா டிக்கெட் உண்டா என்பதும் இல்லை. முதலில் ஆவலைத் தூண்டி, பிறகு பெயரைச் சொல்லி, பிறகு முன்னோட்டம் காட்டி, கடைசியில் தேதியை அறிவிக்கும் இந்த முறையைத் திரைப்படக்காரர்களிடமிருந்து எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நூற்றுக்கணக்கான திரையரங்குகளில் ஒரே நாளில் வெளியாகும் படத்துக்கு, அதைப் பற்றி ஓயாமல் பேச ஊடகங்கள் காத்திருக்கும் நிலையில், அது பொருந்தலாம். உங்களைக் கேட்பவர்கள் சில நூறு பேர். அவர்களை ஐந்து முறை வெறும் கையோடு கூப்பிட்டுவிட்டால், ஆறாவது முறை உண்மையான செய்தியோடு போகும்போது அவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தினமும் போடச் சொல்லும் உங்கள் நண்பர்களோடு எனக்குள்ள வேறுபாடு இதுதான்: சொல்வதற்கு ஒன்றும் இல்லாத நாளில் ஒன்றும் சொல்லாதீர்கள்.

சொல்லும்போது முழுவதையும் சொல்லுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 25 கிலோமீட்டர்தான்; ஆனாலும் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவிக்கோ, மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவருக்கோ முதலில் எழும் கேள்வி, திரும்பிவரப் பேருந்து கிடைக்குமா என்பதாகத்தான் இருக்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. மாநில அரசு விழாக்காலங்களில் நள்ளிரவுவரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல். அந்தத் தடையையே உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு, ‘ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்துவிடுவோம்’ என்று அறிவிப்பிலேயே எழுதி, எழுதியபடி முடியுங்கள். எட்டரை மணிக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர் மைக்கைத் தட்டிக்கொண்டிருக்கிற நிகழ்ச்சிக்கு ஒரு முறை வந்தவர் மறுமுறை வருவதில்லை.

பாடல் வெளியீட்டைப் பொறுத்தவரை, அது பயணத்துக்கு மூன்று நான்கு வாரங்களாவது முந்தியிருக்க வேண்டும். பாடலை ஏற்கெனவே கேட்டு ஓரிரு வரிகளாவது வாயில் நிற்கிறவர்தான் அதை நேரில் கேட்கப் புறப்படுவார். இணையத்தில் பாடல் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில், பாடல் பட்டியல்களை அமைக்கும் தொகுப்பாளர்களின் பார்வைக்குப் பாடலை அனுப்புவதானால் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாட்கள் முன்பே அது அங்கே ஏறியிருப்பது நல்லது. உங்கள் பாடலை அங்கே கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனம் எடுத்துக்கொள்ளும் நாட்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கிருந்து பணம் வரும் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்குத் தொகை இல்லை என்பது 2024 முதல் அங்கே நடைமுறை; அந்த எண்ணிக்கையைத் தாண்டினாலும் உங்களைப் போன்ற குழுவுக்குக் கிடைப்பது அரங்க வாடகைக்குக் காணாது. தில்லியின் ‘இந்தியன் ஓஷன்’ குழு, பல ஆண்டுகள் மேடை கண்டு பெயர் பெற்ற பிறகும், 2010ஆம் ஆண்டில் தன் புதிய பாடல்களை மாதத்துக்கு ஒன்றாக இணையத்தில் இலவசமாகவே வெளியிட்டது. பாடலைக் கொடுத்துவிட்டு மேடையில் சம்பாதிப்பது என்ற கணக்கு அது. மாதம் ஒன்று என்ற முறையில் இன்னொரு வசதியும் இருந்தது: ஒவ்வொரு மாதமும் சொல்வதற்கு உண்மையாகவே ஒரு செய்தி இருந்தது. உங்கள் நான்கு பாடல்களையும் ஒரே நாளில் கொட்டிவிடத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

இன்ஸ்டாகிராமைப் பற்றி ஒன்று. உங்களைப் பின்தொடர்பவர்களில் யாருக்கு உங்கள் அறிவிப்பைக் காட்டுவது என்பதை முடிவு செய்வது அந்த நிறுவனம்; உங்களுக்கு அதில் எந்தப் பிடிமானமும் இல்லை. ஆகவே சொந்தமாக ஒரு முகவரிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியின் வாசலிலும் ஒரு நோட்டுப் புத்தகம், பெயர், ஊர், மின்னஞ்சல் அல்லது கைப்பேசி எண், அவ்வளவு போதும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் (broadcast list) 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும். இது குறையல்ல. உங்கள் எண்ணைச் சேமித்து வைக்கும் அளவுக்கு அக்கறையுள்ள அறுபது பேர், விருப்பக்குறி இட்டுவிட்டு நகரும் ஆறாயிரம் பேரைவிட உங்களுக்கு வேண்டியவர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பாடலை விலைகொடுத்து வாங்க விரும்பினால், இசைக்குழுக்கள் தம் பாடல்களை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் என்ற இணையதளம் இருக்கிறது. டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காட்டை எடுத்துக்கொண்டாலும், வாங்கியவரின் மின்னஞ்சல் முகவரியை அது உங்களிடம் தந்துவிடுகிறது. பிரான்சில் 1982இல் தொடங்கிய இசைத் திருநாள் புதுச்சேரியிலும் ஜூன் 21ஐ ஒட்டிக் கொண்டாடப்படுகிறது. உங்களை அறியாதவர்கள் பலர் நின்று கேட்கும் மாலை அது. வாய்ப்புக் கிடைத்தால் பாடுங்கள், நோட்டுப் புத்தகத்தை மறக்காதீர்கள்.

தை மாதத்தைத் தேர்ந்தது சரி. ஆனால் முதல் அறிவிப்பைக் கார்த்திகையில் விடாதீர்கள். அப்போது இந்தக் கரையில் வானிலைச் செய்தியைத் தவிர வேறெதையும் யாரும் கவனிப்பதில்லை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. மார்கழியும் முழு உத்தரவாதம் அல்ல, தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று வந்தது என்பது கடலூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மார்கழியின் முதல் வாரத்தில் பாடல், பொங்கல் கழிந்து பயணம் என்று வைத்துக்கொண்டால், தெருவுக்குத் தெரு நடக்கும் பொங்கல் விளையாட்டுப் போட்டிகளோடு ஒலிபெருக்கிச் சாதனங்களுக்குப் போட்டியிட வேண்டிய நிலையும் வராது.

அரங்கில் பாதிப்பேர் உறவினர்கள் என்று குறைபட்டிருக்கிறீர்கள். அதை நான் குறையாகக் கருதவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று ஓயாமல் நாலு பேரைச் சந்திப்பவர்கள் அவர்கள்தான். உங்கள் தேதியை உங்களைவிட நன்றாகப் பரப்புவார்கள். பட்டியலின் முதல் பெயர்களாக அவர்களையே எழுதுங்கள், ஆனால் இந்த முறை அத்தை, சித்தப்பா என்று பார்க்காமல் டிக்கெட்டுக்குப் பணம் வாங்கிவிடுங்கள்.