பங்குனி வெயில், உளுந்துக் களம், ‘ஓரிரு இடங்களில்’ மழை

பங்குனி முதல் வாரம் இது. மேட்டூர் அணையை மூடி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. டெல்டா வயல்களில் உளுந்தும் பயறும் எள்ளும் பருத்தியும் நிற்கின்றன. உங்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் உளுந்தைப் பற்றியவை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உளுந்தில் முக்கால்வாசிக் காய் கறுத்துவிட்டது. ‘ஓரிரு இடங்களில் மழை’ என்று டிவியில் சொல்கிறார்கள். இப்போதே பிடுங்கிவிடலாமா? (திருத்துறைப்பூண்டி)

முதலில் அந்த ‘ஓரிரு இடங்களில்’ என்ற சொல்லைப் பார்ப்போம். ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால் பங்கில்தான் மழை பதிவாகும் என்பது அதன் பொருள். ‘ஒருசில இடங்களில்’ என்றால் கால் பங்கிலிருந்து பாதி வரை. ஆக, நீங்கள் கேட்டது முக்கால் பங்கு இடங்களில் மழை இல்லை என்ற செய்தி. அதற்குப் பயந்து பச்சைக்காயோடு பிடுங்க வேண்டாம்.

நின்ற செடியில் ஒரு தூறல் விழுந்தாலும் மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். பிடுங்கிக் குவித்த போர் நனைந்தால்தான் ஆபத்து. உள்ளே புழுங்கி, பருப்பு நிறம் மாறி, முளையும் விட்டுவிடும். பருவம் முழுக்கப் பார்த்து வளர்த்ததைக் கடைசி இரண்டு நாளில் இழப்பதைப் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: அன்றன்றைக்கு அடித்து எடுக்க முடிகிற அளவுக்கு மட்டும் காலையில் பிடுங்குங்கள். கோடை மழை பெரும்பாலும் மாலை 4 மணிக்கு மேல்தான் இறங்கும். 3 மணிக்கே தார்ப்பாய் கையில் இருக்கட்டும். களத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் ஊர் கடலுக்குப் பக்கம். கொண்டல் காற்று (கிழக்குக் காற்று) ஈரத்தோடு வீசும் நாட்களில் விடியற்காலையிலும் மழை தட்டும். மாலையில் வானம் வெறிச்சோடிக் கிடந்தாலும் இரவில் போரை மூடாமல் படுக்காதீர்கள். காலை வெயில் ஏறியதும் பாயை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே புழுக்கம். அறிவிப்பு ‘ஒருசில இடங்களில்’ என்று மாறி, இரண்டு நாள் தொடர்ந்து அப்படியே வந்தால், அப்போது ஆள் வைத்தாவது வேகமாக முடியுங்கள்.

செல்போனில் 36 டிகிரி காட்டுகிறது. வெளியே போனால் 42 போலக் கொளுத்துகிறதே, எது உண்மை? (கும்பகோணம்)

இரண்டுமே உண்மைதான். நிலையத்தில் அளப்பது நிழலின் வெப்பம்: சுமார் 4 அடி உயரத்தில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள். நீங்கள் நிற்பது வெயிலில், தார்ச்சாலைக்கு மேல். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை ஆவியாகாது, உடம்பும் குளிராது. களத்தில் நிற்பவர்கள் 12 முதல் 3 மணி வரை நிழலுக்கு வந்துவிடுங்கள். மயக்கம் வருவதுபோல் இருந்தால் 1 லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் 6 சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு கலந்து குடியுங்கள். பேச்சு குழறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தஞ்சாவூரில் கொதிக்கிறது, எங்களுக்கு அவ்வளவு இல்லை. ஏன்? (நாகப்பட்டினம்)

கடல்காற்றுதான் காரணம். உங்களுக்கு முற்பகலிலேயே வந்துவிடுகிறது. தஞ்சைக்குப் போய்ச்சேரப் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் வைகாசி, ஆனியில் மேல்காற்று (மேற்குக் காற்று) வலுத்தால் அது கடல்காற்றைத் தடுத்து நிறுத்தும். நாகையில் உச்ச வெயில் அப்போதுதான்.

உப்பளத்துக்கு மழை இடைஞ்சல் வருமா? (வேதாரண்யம்)

ஒரு நல்ல மழையே பாத்தியைக் கரைத்துவிடும். வாரி எடுத்த உப்பைக் கீற்றோ பாயோ போட்டு மூடி வையுங்கள்.

ஆடு மேய்க்கப் போகிற இடத்தில் இடி இடித்தால் பனைமரத்தடியில் ஒதுங்குகிறோம். சரியா? (ஒரத்தநாடு)

வேண்டாம்மா, அதுதான் மிக மோசமான இடம். கோடை மழையில் தண்ணீரைவிட மின்னலுக்குத்தான் பயப்பட வேண்டும். வெட்டவெளியில் உயர்ந்து நிற்கும் பனை, தென்னை, மின்கம்பம் எதன் பக்கமும் நிற்காதீர்கள். மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். 3 நொடிக்கு 1 கிலோமீட்டர் தூரம். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வராதீர்கள். ஆடுகளை அப்புறம் தேடிக்கொள்ளலாம். கையில் ஸ்மார்ட்போன் உள்ள பிள்ளைகளிடம் ‘தாமினி’ செயலியைப் போட்டுத் தரச் சொல்லுங்கள், பக்கத்தில் மின்னல் விழுவதைக் காட்டும்.

10 மில்லிமீட்டர் மழை பெய்தால் கோடை உழவு போடலாமா? (பாபநாசம்)

1 மில்லிமீட்டர் மழை என்பது ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 லிட்டர். 10 என்றால் 40,000. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் வெடித்துக் கிடக்கும் களிமண் அதை வெடிப்புக்குள்ளேயே விழுங்கிவிடும். மறுநாள் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். கொழு இறங்கும் ஆழம் வரை ஈரம் தெரிந்தால் ஏரைப் பூட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த மழைக்குக் காத்திருங்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு இன்னும் நாள் இருக்கிறது.