பிச்சை, குப்புசாமி – ஒரு கடிதம்

சார்,
என் தாத்தா பெயர் பிச்சை, அவருடைய அண்ணன் குப்புசாமி. பள்ளியில் குடும்ப வரைபடம் கேட்டிருக்கிறார்கள், இந்தப் பெயர்களை எழுதக் கூச்சமாக இருக்கிறது என்கிறாள் என் மகள். பெற்ற பிள்ளைக்குப் போய் யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா? வறுமைதான் காரணமா?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

வறுமை இல்லை. நிலபுலன் உள்ள வீடுகளிலும் பிச்சைகள் தாராளமாக உண்டு. முன்னால் பிறந்த ஒன்றிரண்டு தங்காமல் போயிருந்தால் அடுத்ததற்கு வைக்கிற பெயர்கள் இவை. குப்பைமேட்டில் போட்டு எடுத்தால் குப்பன், குப்புசாமி, குப்பம்மாள். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கினால் தவிடன். மடிப்பிச்சை எடுப்பதாக வேண்டிக்கொண்டு பெற்றது பிச்சை. யாருக்கும் வேண்டாத பிள்ளை போலிருக்கிறது என்று எமன் தாண்டிப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் யோசனை. ‘உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்’ என்று பிள்ளைகளை இன்றும் சீண்டுகிறோமே, அது இதன் மிச்சம்தான்.

மதமும் இதில் குறுக்கே வரவில்லை, பிச்சை மைதீனும் உண்டு. ஆந்திரத்தில் பெண்டய்யா, அதுவும் குப்பைதான். வங்காளத்தில் மூன்று சோழி கொடுத்து வாங்கியதாகப் பாவனை செய்து தின்கொரி என்று வைத்தார்கள், ஐந்து சோழி என்றால் பாஞ்ச்கொரி. (பிச்சாண்டியை இதில் சேர்க்காதீர்கள், அது திருவோடு ஏந்திய சிவன்.)

ஆனால் மட்டமாக ஒலிக்கிற எல்லாப் பெயருக்கும் பின்னால் பாசம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். ‘சாமி’ என்று முடியும் பெயரை ஒடுக்கப்பட்ட சாதியார் வைத்தால் பொறுக்காத ஊர்கள் இருந்தன, அங்கே குப்பன் வெறும் குப்பனாகவே நின்றதற்குக் காரணம் எமன் இல்லை. திருத்தணிப் பக்கம் அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்தால் ‘வேண்டாம்’ என்று வைத்ததும் வேறு கதை, அங்கே நிஜமாகவே வேண்டாம் என்றுதான் அர்த்தம், அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்று.

இந்தப் பெயர்கள் அருகிப் போனதற்கு நாகரிகம், நியூமராலஜி என்று பலர் சொல்வார்கள். எனக்குத் தடுப்பூசியும் பிரசவ ஆஸ்பத்திரியும்தான் முதலில் தோன்றுகிறது. 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை 13. உங்கள் கொள்ளுப்பாட்டி காலத்தில் அது நூறுகளில் இருந்தது. எமனை ஏமாற்ற வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

குப்புசாமிக்கு முன்னால் யாராவது பிறந்து போயிருக்கிறார்களா என்று வீட்டில் பெரியவர்களிடம் விசாரியுங்கள், வரைபடத்தில் அவர்களுக்கும் ஒரு கட்டம் போடலாம். பிச்சை என்ற பெயருக்கு வகுப்பில் யாராவது சிரித்தால் கூகுளின் தலைமை அதிகாரி பெயர் என்னவென்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.