மின்னூட்டமே இல்லாத காகிதத் துண்டைச் சீப்பு எப்படி இழுக்கிறது?

காகிதத்தில் மின்னூட்டம் இல்லாமல் இல்லை. நேர், எதிர் இரண்டும் சம அளவில் இருக்கின்றன, அவ்வளவுதான். உலர்ந்த தலைமுடியில் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பு எலக்ட்ரான்களை வாங்கி எதிர் மின்னூட்டம் பெறுகிறது. அதன் மின்புலம் (மின்னூட்டத்தின் விசை எட்டும் சுற்றுவெளி) காகித மூலக்கூறுகளின் எலக்ட்ரான்களை மிகச் சிறிதளவு அப்பால் தள்ள, சீப்பை நோக்கிய பக்கத்தில் நேர் மின்னூட்டம் மேலோங்குகிறது.

இங்கேதான் அழகு. இரண்டு புள்ளி மின்னூட்டங்களுக்கு இடையே தூரம் இரட்டித்தால் விசை நான்கில் ஒரு பங்காகும் என்று 1785இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும் (Coulomb), மெல்லிய இழை முறுகும் அளவைக் கொண்டு விசையை அளக்கும் முறுக்குத் தராசு வைத்து அளந்து காட்டினார். அதனால் அருகிலுள்ள நேர் மின்னூட்டத்தின் மீதான ஈர்ப்பு, சற்றே தள்ளியிருக்கும் எதிர் மின்னூட்டத்தின் மீதான விலக்கத்தை வென்றுவிடுகிறது.

அப்புறம், ஒட்டிய துண்டு சில நேரம் சட்டென்று தெறித்து ஓடும், கவனித்திருக்கிறீர்களா? சீப்பிடமிருந்து அதுவும் எதிர் மின்னூட்டத்தை வாங்கிக்கொண்டுவிட்டது; ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். மழைநாளில் முயலாதீர்கள், ஈரக்காற்றில் மின்னூட்டம் கசிந்துவிடும்.