நத்தாரும் ஓரியூர்த் திருவிழாவும்

கேள்வி: என் மதினி மண்டபம் முகாமில் வளர்ந்தவர். பூர்வீகம் மன்னார் பக்கம் பேசாலை. டிசம்பர் பிறந்தாலே "நத்தாருக்கு என்ன பலகாரம்?" என்பார். நத்தார் என்றால் நட்சத்திரமா? ஓரியூரில் பிப்ரவரி 4ஆம் தேதியை, ஜான் டி பிரிட்டோ என்ற போர்ச்சுகீசிய குருவான புனித அருளானந்தரின் 'பிறப்பு நாள்' என்று பிரசங்கத்தில் சொன்னார்கள். அன்றைக்குத்தானே அவரை வெட்டினார்கள் என்கிறான் என் மகன். எது சரி?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: நட்சத்திரம் இல்லையம்மா. போர்ச்சுகீசியர் கிறிஸ்து பிறப்பு விழாவை 'நத்தால்' என்பார்கள். 1560இல் மன்னாரைப் பிடித்தவர்கள் அவர்கள். அந்த நத்தால்தான் இலங்கைத் தமிழில் நத்தார் ஆனது. 'ஆர்' என்று முடிவதால் யாரோ பெரிய மனிதர் பெயர்போல ஒலிக்கிறது. அங்கே கிறிஸ்துமஸ் தாத்தாவும் நத்தார் தாத்தாதான். நாமும் ஜன்னல், மேசை, சாவி, அலமாரி என்று அவர்களிடம் வாங்கியதை இன்னும் வைத்திருக்கிறோம். பண்டிகைப் பெயரை மட்டும் ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். மதினி சொல்வதில் தப்பே இல்லை.

அப்புறம், உங்கள் மகன் கேட்டது. பையன் கெட்டிக்காரன். ஆனால் பிரசங்கமும் சரிதான். நத்தாலுக்கு மூலமான லத்தீன் சொல் 'நத்தாலிஸ்', பிறப்புக்குரியது என்று பொருள். அதே சொல்லைத்தான் திருச்சபை புனிதர்கள் இறந்த நாளுக்கும் வைத்தது. மண்ணில் கண்மூடிய அன்று விண்ணகத்தில் பிறக்கிறார்கள் என்பது நம்பிக்கை. இது பிற்காலத்தில் ஒட்டவைத்த விளக்கம் அல்ல. இரண்டாம் நூற்றாண்டில் சுமிர்னா நகர ஆயர் பொலிகார்ப்பு கொல்லப்பட்டபோது, அவ்வூர்க் கிறிஸ்தவர்கள் எழுதிய கடிதத்திலேயே அவர் சாட்சியாக இறந்த நாளைப் 'பிறந்த நாள்' என்றுதான் குறிப்பிடுகிறார்கள்.

அருளானந்தர் தாய் வயிற்றிலிருந்து பிறந்தது 1647 மார்ச் 1, லிஸ்பனில். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்தில், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். ஜனங்கள் முடிந்துகொண்டு போகிற செம்மண்ணும் அந்த இரத்தத்தின் நினைவுதான். மார்ச் 1ஆம் தேதி போய்ப் பாருங்கள், கூட்டமே இருக்காது.

நிஜமான பிறந்த நாளையே விழாவாக வைத்திருப்பது கத்தோலிக்க நாள்காட்டியில் மூன்று பேருக்குத்தான். இயேசுவுக்கு டிசம்பர் 25. மாதாவுக்கு செப்டம்பர் 8. நம் ஊர்க்காரர்கள் வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்களே, அதே நாள். மூன்றாமவர் திருமுழுக்கு யோவான், ஜூன் 24. வானதூதர் மரியாளிடம் வந்தபோது எலிசபெத்துக்கு ஆறாம் மாதம் என்று லூக்கா எழுதியிருக்கிறார் அல்லவா, அந்தக் கணக்கில் கிறிஸ்துமஸுக்கு ஆறு மாதம் முன்னால் வைத்தார்கள். யோவான் தலை வெட்டுண்டதற்கும் ஆகஸ்டு 29 என்று தனி நாள் உண்டு.

ஓரியூர் போகிறவர்களுக்கு வாழ்த்து அனுப்புவதானால் வெறுமனே 'பிறந்த நாள் வாழ்த்து' என்று போடாதீர்கள், குழப்பம் வரும். 'விண்ணகப் பிறப்பு விழா' என்று எழுதுங்கள்.