டாஃபடில் கிழங்கு வாங்கும் முன்

கேள்வி: எங்கள் வீடு கோபிசெட்டிபாளையத்தில். வாசலில் இரண்டு சென்ட் இடம், செம்மண். போன வருடம் இணையத்தில் 'ஐந்து நிற டாஃபடில்' என்று போட்டிருந்ததைப் பார்த்து பத்துக் கிழங்கு வாங்கி நட்டேன். ஆறில் இலை மட்டும் வந்தது. பூவே இல்லை. நம் ஊருக்கு நம்பி வாங்கக்கூடிய ரகம் எதுங்க?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லைங்க அம்மா. விற்றவர் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டாஃபடில் குளிர் நாட்டுப் பூ. அதில் பெரும்பாலான ரகங்களின் கிழங்கு 12 முதல் 16 வாரம் வரை 9 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அந்தக் குளிர் கிடைத்தால்தான் உள்ளே இருக்கிற பூத்தண்டு நீண்டு வெளியே வரும். நம் பக்கம் மார்கழிப் பனியிலும் இரவில் 18, 20 டிகிரி என்றுதான் நிற்கிறது. அதனால் கார்ல்டன், ஐஸ் ஃபாலீஸ், கிங் ஆல்ஃபிரட் என்று எந்தப் பெயர் சொல்லி விற்றாலும் கோபி மண்ணில் வருடா வருடம் பூக்காது. ஃபிரிட்ஜில் வைத்து நடலாமே என்பார்கள். மூன்று மாதம் இடம் ஒதுக்க வேண்டும், கூடவே பழம் வைத்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு மொட்டைக் கருக்கிவிடும். இத்தனைக்கும் பூப்பது ஒரே தடவை. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விற்பவர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 'இந்திய வெயிலுக்குப் பழக்கிய கிழங்கு' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். வெயிலில் வைத்துப் பழக்கினால் குளிர் வேண்டாத ரகமாகிவிடாது. நீல டாஃபடில் என்று ஒன்று கிடையவே கிடையாது. மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு, சிலதில் நடுக்கிண்ணம் மட்டும் இளஞ்சிவப்பு, அவ்வளவுதான். 'ஐந்து நிறம்' பொட்டலத்தில் மழை லில்லிக் கிழங்கைப் போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. உங்கள் ஆறு செடிகளின் இலையைப் பாருங்கள். புல் மாதிரி ஒல்லியாக இருந்தால் மழை லில்லியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பிடுங்க வேண்டாம், நல்ல மழை பெய்த சில நாளில் பூத்துவிடும். இலை பட்டையாக, சாம்பல் பூத்த பச்சையில் இருந்தால் டாஃபடிலாக இருக்கலாம்; ஆனால் அதில் இனிப் பூ எதிர்பார்க்காதீர்கள்.

விதைச் சட்டத்தில் இதைக் கேட்க வழி இல்லை என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. 1966-ம் வருட விதைச் சட்டம் உணவுப் பயிர், பருத்தி, சணல், மாட்டுத் தீவனம் ஆகியவற்றின் விதைகளைத்தான் பேசுகிறது. கிழங்கு என்று வரும்போதும் உணவுப் பயிர், தீவனப் பயிரோடு நின்றுவிடுகிறது. பூக்கிழங்குக்கு அதில் இடமில்லை. நெல் விதை மூட்டையில் முளைப்புத் திறன் அச்சிடாவிட்டால் கேள்வி வருகிறது. பூக்கிழங்குப் பொட்டலத்தில் ரகம், கிழங்கின் சுற்றளவு போடச் சொல்லி அந்தச் சட்டம் கேட்பதில்லை. 

சரி, நீங்கள் கேட்ட ரகம். ஒன்றே ஒன்று தேறும்: பேப்பர்வைட். கொத்தாகப் பூக்கும் டசெட்டா வகை வெள்ளைப் பூ, வாசனை தூக்கும். வடக்கே நர்கிஸ் என்று விற்கிறார்களே, அதற்கு நெருங்கிய சொந்தம். இதற்குக் குளிர்காலம் தேவையில்லை. ஆனால் இதிலும் கவனம் வேண்டும். கிழங்கின் சுற்றளவு 15 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் வாங்காதீர்கள். கையில் அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும். அடித்தட்டு, அதாவது கிழங்கின் அடியில் வேர் கிளம்பும் பகுதி, மெத்தென்று அமுங்கினால் அழுகல் ஆரம்பித்துவிட்டது. கார்த்திகை பாதிக்கு மேல் வையுங்கள். அகலமான கிண்ணத்தில் கூழாங்கல் பரப்பி, கிழங்குகளை நெருக்கமாக உட்கார வைத்து, தண்ணீர் அடித்தட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற அளவுக்கு ஊற்றுங்கள். கிழங்கு முங்கினால் அழுகும். வேர் பிடிக்கும்வரை பத்து, பதினைந்து நாள் வீட்டில் இருப்பதிலேயே குளுமையான இருட்டு மூலை, அப்புறம் காலை வெயில் மட்டும் படும் திண்ணை. நான்கிலிருந்து ஆறு வாரத்தில் பூக்கும். நம் சூட்டில் தண்டு நெட்டையாக வளர்ந்து சாயும், குச்சி கட்டிவிடுங்கள்.

தொட்டியில் வைப்பதென்றால் செம்மண்ணோடு சரிபாதி மணல் கலந்தால் போதும். பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதென்று தென்னை நார்க்கழிவை நிரப்பச் சொல்வார்கள். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும், கிழங்கு தாங்காது.

பேப்பர்வைட்டும் நம் ஊரில் ஒரு பருவத்துக்குத்தான். பூ முடிந்ததும் குப்பைக்குழியில் போடுங்கள், ஆட்டுக்குப் போட வேண்டாம். கிழங்கில் லைக்கோரின் என்ற நஞ்சு இருக்கிறது, தின்றால் வாந்தி எடுக்கும். பார்க்க வெங்காயம் மாதிரியே இருப்பதால் நடும்வரை சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள்.

நிலையாக ஏதாவது வேண்டுமென்றால் அந்த இரண்டு சென்டில் நிலச்சம்பங்கி வையுங்கள். ஒற்றை அடுக்கில் பிரஜ்வல் ரகம் கேட்டு வாங்குங்கள். சத்தியமங்கலம் பக்கம் சம்பங்கி போடும் தோட்டக்காரரிடமே கிழங்கு கேளுங்கள். செடி பூத்து நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்கலாம், நடுவில் தரகர் வேண்டியதில்லை.