அடிப்பதை அன்பாகக் காட்டும் சீரியல்: மும்பையிலிருந்து புகார் செய்ய முடியுமா?

கேள்வி: தாராவியில் இருக்கிறோம். தினமும் பார்க்கும் தமிழ் சீரியலில் கணவன் அறைவதை அன்பு என்கிறார்கள். இங்கிருந்தே புகார் செய்யலாமா?

செய்யலாம். கேபிள் டிவி சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான்.

ஆனால் அறைவதைக் காட்டுவதே தவறு ஆகாது. காட்டாமல் குடும்ப வன்முறையைப் பேசவே முடியாது. 2008-இல் தொடங்கிய ‘பாலிகா வது’ என்ற இந்தி சீரியல் குழந்தைத் திருமணத்தைக் காட்டித்தான் அதைப் பேசவைத்தது. அடிவாங்கியவளே காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க, பின்னணியில் புல்லாங்குழல் உருகுகிறதே, அதுதான் கொடுமை. பெண்களை இழிவுபடுத்துவதை கேபிள் டிவி விதிகளில் 6-ஆம் விதி தடுக்கிறது. அதைச் சுட்டி எழுதுங்கள்.

முதலில் சேனலின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு வர வேண்டும். வராவிட்டால், அல்லது ஏற்க முடியாவிட்டால், அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்துள்ள சுயக்கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. கடைசியாக ஒன்றிய அரசு.

‘சீரியல் மோசம்’ என்று மட்டும் எழுதினால் நிற்காது. சேனல், தேதி, நேரம், அந்த வசனம் அப்படியே வேண்டும். மொபைல் ஆப்பில் பார்த்திருந்தால் டிவியில் வந்த நேரத்தைத் தேடிக் குறியுங்கள். ஆப்புக்கு விதிகள் வேறு.