திருகோணமலை வெக்கையில் 92 பெற்றோலுக்கு எவ்வளவு கம்ப்ரஷன்? – கேள்வி பதில்

உப்புவெளி வாசகர்: அண்ணை, பழைய 97 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கழற்றியிருக்கிறேன். கம்ப்ரஷன் 9க்கு 1. ஹெட்டைச் சீவி 10.5 ஆக்கலாமா?

வேண்டாம் தம்பி. கம்ப்ரஷன் என்பது சிலிண்டருக்குள் போன காற்று-பெற்றோல் கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற விகிதம். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைச் சீவினால் இடம் குறைந்து அது கூடும். கம்ப்ரஷனைக் கூட்டினால் இழுவை கூடும் என்பது உண்மை. ஆனால் 9இலிருந்து 10க்குப் போனால் கணக்குப்படி கிடைப்பது 3 வீதம் மட்டில்தான். அதற்காக நொக்கிங்கை, அதாவது கலவை தானாகவே தப்பி வெடித்து எஞ்சின் தட்டுவதை, விலைக்கு வாங்கக்கூடாது. நாளாந்தம் எந்தப் பெற்றோல் அடிக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவெடுங்கள், விகிதம் அதற்குப் பிறகு. 92 ஒக்டேன்தான் என்றால் (ஒக்டேன் என்பது நொக்கிங்கைத் தாங்கும் அளவு), காற்றில் ஆறுகிற காபரேட்டர் எஞ்சினில் 9.5ஐத் தாண்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

உங்கள் எஞ்சின் 50 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 49.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமாக இருக்கும் இடம் ஏறத்தாழ 12.15 சிசி. ஹெட்டிலுள்ள எரியறையின் வாய் போர் அளவுக்கே அகலம் என்றால், 0.5 மி.மீ. சீவினாலே 1 சிசி போய்விடும், விகிதம் 9.7 ஆகிவிடும். 0.3 மி.மீ. சீவினால் 9.4. லேத்துக்காரரிடம் "கொஞ்சம் சீவுங்கோ" என்று கொடுத்துவிட்டு வராதீர்கள். பிளக்கையும் வால்வுகளையும் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வையுங்கள். ஓட்டை போட்ட கண்ணாடித் தகட்டைக் கிறீஸ் தடவி மேலே ஒட்டி, ஊசி மருந்துச் சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டு எத்தனை சிசி கொள்கிறது என்று பாருங்கள். ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில் வைக்கும் புதிய காஸ்கெட்டின் தடிப்பையும் கணக்கில் சேருங்கள். பலர் விடுகிற இடம் அதுதான்.

தம்பலகாமம் வாசகி: எங்கள் டொயோட்டா அக்குவாவின் கம்ப்ரஷன் 13.4 என்று போட்டிருக்கிறது. 92இல் நன்றாகத்தானே ஓடுகிறது?

நல்ல கேள்வி தங்கச்சி. அந்த 13.4 முழுவதும் அமுக்கம் இல்லை. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் உள்ளெடுக்கும் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். உறிஞ்சிய காற்றில் ஒரு பகுதி திரும்பப் போய்விடும், உண்மையில் அமுக்கப்படுவது குறைவு. அதோடு நொக்கிங்கைக் கேட்டு உடனே இக்னிஷனை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, பின்தள்ளும் சென்சரும் உண்டு. ஆகவே அந்த எண்ணை வைத்துக்கொண்டு காபரேட்டர் எஞ்சினுக்கு அளவெடுக்க முடியாது.

நிலாவெளி வாசகர்: நுவரெலியாவில் வாங்கிய பைக். அங்கே ஒரு சத்தமும் இல்லை. இங்கே ஆடி மாதம் ஏற்றத்தில் டிங் டிங் என்கிறது. பெற்றோல் கலப்படமோ?

பெற்றோலைக் குற்றம் சொல்ல முன் காற்றைப் பாருங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், காற்றழுத்தம் இங்கேயைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றும் குறைவு, அதுவும் குளிர்ந்தது. இங்கே கடல் மட்டம். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் காற்று சூடு மட்டுமல்ல, வறண்டும் இருக்கும். ஈரக்காற்று நொக்கிங்கைக் கொஞ்சம் அடக்கும், வறண்ட காற்றில் அந்த உதவி இல்லை. இக்னிஷன் டைமிங்கைச் சரிபாருங்கள், பிஸ்டன் தலையில் படிந்த கரியைச் சுரண்டுங்கள். அப்புறம் கோணேசர் கோவில் ஏற்றத்தில் கியரைக் குறைத்து ஏறிப் பாருங்கள். பெரிய கியரில் திணறவைத்தால் எந்த எஞ்சினும் தட்டும்.

அதே வாசகர்: 95 அடித்தால் வேகம் கூடுமா?

இல்லை. நொக்கிங் இருந்தால் நிற்கும். இல்லாத எஞ்சினுக்கு அது வீண் காசு.

கிண்ணியா வாசகர்: மண்ணெண்ணெய்ப் படகு எஞ்சினுக்குப் பெற்றோல் மாடலின் ஹெட் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

போடவே வேண்டாம் நானா. மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலைவிட மிகக் குறைவு. அதனால்தான் அந்த மாடலுக்குக் கம்ப்ரஷனைக் குறைத்துக் கட்டியிருக்கிறார்கள். பெற்றோல் ஹெட்டைப் போட்டு மண்ணெண்ணெயில் முழு வேகத்தில் ஓடினால், அவுட்போர்ட் (படகின் பின்னால் பூட்டும் எஞ்சின்) சத்தத்தில் நொக்கிங் காதில் விழாது. பிஸ்டனின் ஓரம் அரிபட்டு, கரையே தெரியாத இடத்தில் எஞ்சின் நின்றுவிடும். அந்த மாடலுக்குரிய ஹெட்டையே தேடுங்கள். கிடைக்கும்வரை உங்கள் பழைய ஹெட்டைக் கண்ணாடியில் வைத்து மட்டம் பார்த்து, நுண்ணிய எமரித் தாளில் தேய்த்து, புதுக் காஸ்கெட்டோடு பூட்டி ஓடுங்கள்.